கெல்டிரியா வரை ஒரு மிதிவண்டிப் பயணம்

மிதிவண்டி என்றவுடன் உலகத்தார் நினைவில் முதலில் எழும் நாடு ஒல்லாந்து. டச்சுக்காரர் என்று நாம் வழங்கும் அந்நாட்டு மக்களின் தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம். அவர்களிடம் உள்ள மிதிவண்டிகளோ 2 கோடிக்கும் மேல் என்பர். நாட்டின் தலைமை அமைச்சரே மிதிவண்டியில் அலுவலகம் செல்வது அங்கே செய்தியாவதில்லை. ஆயினும் இப்பழக்கம் தானாக நிலைத்துவிடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகின, சாலைகள் அகன்றன. 1971-ஆம் ஆண்டில் மட்டும் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் மடிந்தனர். அவர்களுள் 400-க்கும் மேற்பட்டோர் சிறு குழந்தைகள். பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள் என்பதே அவர்கள் தம் இயக்கத்திற்கு இட்ட பெயர். 1973-இல் எண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசு சில காலம் தடை செய்தது. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் மக்கள் குடும்பம் குடும்பமாக மிதிவண்டியில் சென்றனர். மிதிவண்டிகளுக்கென்று தனிப்பாதைகள் நாடெங்கும் பெருகியது அதன் பின்னர்தான். இன்று அந்நாட்டின் வயல்வெளிகளுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும் இடையே அமைதியாக மிதிவண்டி ஓட்டிச் செல்லும் பயணி, இறந்துபோன பிள்ளைகளை மறக்க மறுத்த தாய் தந்தையர் பெற்றுத் தந்த பாதையில் செல்கிறான் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் கெல்டர்லாந்து என்றொரு மாநிலம் உண்டு. காடும் மணல்மேடும் புல்வெளியும் கலந்த நிலம். அங்குள்ள ஹோகே வேலுவே தேசியப் பூங்காவில், வருவோர் யாவரும் கட்டணமின்றி எடுத்து ஓட்டிவிட்டுத் திரும்ப வைக்கும் வெள்ளை நிற மிதிவண்டிகள் ஆயிரத்துக்கும் மேல் நிற்கின்றனவாம். அந்தக் கெல்டர்லாந்தின் பெயர் நம் கடற்கரையிலும் பதிந்திருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்? 1613-இல் பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கட்டி முடித்த கோட்டைக்குக் கெல்டிரியா என்று பெயர். அக்காலத்தில் இக்கரையில் அவர்களுக்குத் தலைவராய் இருந்த வெம்மர் வான் பெர்கம் என்பவரின் சொந்த மாநிலம் கெல்டர்லாந்து. ஊரைப் பிரிந்தவன் ஊர்ப் பெயரைச் சுமந்து வந்து அந்நிய மண்ணில் நட்டு வைத்தான். அந்தக் கெல்டிரியாவுக்கு எளாவூரிலிருந்து மிதிவண்டியில் சென்று ஒரே பகலில் திரும்பிவிடலாம். ஒல்லாந்துக்குப் போக வழியில்லாத நமக்கு இதுவே ஒல்லாந்துப் பயணம் என்று சொல்லிக்கொண்டு, சென்ற நவம்பரில் நாமும் உபதேசியாரும் புறப்பட்டோம்.

நவம்பர் இறந்தோரின் மாதம். அதன் முதல் எட்டு நாள்களுக்குள் கல்லறைத் தோட்டம் சென்று இறந்தோருக்காக வேண்டுவோர்க்குத் திருச்சபை தனிப் பலன்களை வழங்குவதை வாசகர் அறிவர். கல்லறைத் திருநாளின் மந்திரிப்புகள் எல்லாம் முடிந்து, ஏழாம் நாள் காலைத் திருப்பலிக்குப் பின் சற்று ஓய்வு கிடைத்தது. உபதேசியாருக்கு வயது அறுபதுக்கு மேல். ஆயினும் அவருடைய மிதிவண்டி அவரை விட மூத்தது போல் தோன்றும். பின்னிருக்கையில் தண்ணீர்க் குப்பியும் ஒரு கட்டு மெழுகுவர்த்தியும் வைத்துக் கட்டியிருந்தார். "மெழுகுவர்த்தி எதுக்கு?" என்று கேட்டோம். "கல்லறைக்குப் போறோம், வெறுங்கையோடயா போறது சாமி?" என்றார்.

நெடுஞ்சாலையில் விரைந்து செல்வோர் எளாவூரை அறிவது அதன் சோதனைச் சாவடியால்தான். ஆந்திர எல்லையை நோக்கியும் சென்னையை நோக்கியும் சரக்கு லாரிகள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும் இடம். அங்கிருந்து கிழக்கே திரும்பிச் சிறிது தொலைவு சென்றதும் அந்த இரைச்சல் அடங்கிவிடுகிறது. இருபுறமும் நடவு முடிந்த வயல்கள், வரப்பில் பனைகள், இடையிடையே சவுக்குத் தோப்புகள். முந்தின இரவு பெய்த ஐப்பசி மழையில் சாலையோரப் பள்ளங்களில் நீர் தேங்கி, வானம் அதில் துண்டு துண்டாகக் கிடந்தது. அரசு வழங்கிய மிதிவண்டிகளில் மேனிலைப் பள்ளி மாணவியர் கூட்டமாக எதிரே வந்தனர். பேச்சும் சிரிப்புமாய் வந்தவர்கள் நம் வெள்ளை அங்கியைக் கண்டதும் ஒரு கணம் அமைதியாகி, கடந்ததும் மீண்டும் சிரித்தனர். ஒரு தலைமுறைக்கு முன் இச்சாலையில் பெண் பிள்ளைகள் மிதிவண்டி ஓட்டியதில்லை என்று உபதேசியார் நினைவுகூர்ந்தார்.

காரில் செல்வோர் ஊர்களைக் கடக்கின்றனர்; மிதிவண்டியில் செல்வோர் ஊர்களுக்குள் புகுந்து வெளிவருகின்றனர். "எங்க சாமி இவ்ளோ தூரம்?" என்று திண்ணையில் இருப்பவர் கேட்டால், பதில் சொல்லாமல் கடந்துபோக முடியாது. நின்று, காலை ஊன்றி, இரண்டு வார்த்தை பேசித்தான் போக வேண்டும். நம் ஆண்டவர் ஊர் ஊராய்ச் சென்ற வேகமும் நின்று பதில் சொல்லும் வேகமாகத்தான் இருந்தது. ஆடையின் விளிம்பைத் தொட்ட பெண்ணும், மரத்தில் ஏறி நின்ற சக்கேயுவும் அவரை எட்ட முடிந்தது அதனாலன்றோ?

சுண்ணாம்புகுளத்தை அடைந்தபோது காற்றில் உப்பு வாடை வந்தது. ஊர்ப் பெயரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. ஏரிப் படுகையில் புதைந்து கிடக்கும் கிளிஞ்சல்களைத் தோண்டியெடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் தொழில் இவ்வட்டாரத்தில் நெடுங்காலம் நடந்து வந்தது. அதற்கு அப்பால் ஏரி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்கோடி மட்டும் நம்முடையது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஒரு நீண்ட கரைபோல் கிடந்து கடலை ஏரியினின்று பிரிக்கிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 நிலவை நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான். மழைக்காலத்தில் ஆரணியாறும் காளாங்கியாறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்ட ஏரியின் உப்பு குறைகிறது. கோடையில் நீர் சுருங்கி, கடலை விடவும் உப்பேறிப்போகிறது. இந்த ஏற்ற இறக்கத்திற்குப் பழகிய உயிர்களே இங்கு வாழ்கின்றன. மனிதரும் அப்படியே.

ஏரியை இடப்பக்கம் விட்டு, தெற்கே வளைந்து செல்லும் சிற்றூர்ச் சாலைகளில் மிதித்தோம். உமரிச் செடிகள் படர்ந்த சேற்று வெளிக்கு அப்பால், ஆழமற்ற நீரில் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது அது அசைந்தது. பூநாரைகள்! நூற்றுக்கணக்கில் நின்றன. வடகிழக்குப் பருவமழையோடு வந்து, கோடை தொடங்குமுன் பெரும்பாலும் புறப்பட்டுவிடும் விருந்தினர். அலகைத் தலைகீழாக நீருக்குள் செலுத்தி, சேற்று நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் பறவை அது. அதன் சிறகின் செந்நிறம் பிறப்பிலேயே வருவதன்று. உண்ணும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமிதான் மெல்ல மெல்ல இறகில் ஏறுகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே இருக்கும். நற்கருணையைப் பற்றி மறையுரையில் எத்தனையோ உவமைகள் சொல்லியிருக்கிறோம். எதை உண்கிறோமோ அதுவாக மாறுதல் என்பதற்கு இதைவிட எளிய உவமை வேறு ஏது? தமிழகப் பகுதி 1980 முதல் பறவைகள் சரணாலயமாக உள்ளது. நாங்கள் நின்ற இடத்தில் வேறு எவரும் இல்லை. மிதிவண்டிச் சங்கிலியின் ஓசையும் நின்றுவிட்டபின், தொலைவில் அப்பறவைகள் எழுப்பிய முணுமுணுப்பு மட்டும் கேட்டது.

திருப்பாலைவனத்தில் சோழர் காலத்துத் திருப்பாலீசுவரர் கோயிலருகே தேநீர் அருந்தி, பழவேற்காட்டை நெருங்கியபோது பக்கிங்காம் கால்வாய் குறுக்கிட்டது. சென்னைக்கு வடக்கே 1806-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் நடுங்கிச் சொன்ன 1876-78 பஞ்ச காலத்தில், சென்னை நகரில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியைக் கஞ்சிக்கும் கூலிக்குமாக மக்கள் வெட்டினர். 1878-இல் அப்போதைய ஆளுநரான பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. வெட்டியவர் பெயர் ஒன்றேனும் எங்கும் இல்லை. பாலத்தின் மேல் நின்று இதைச் சொன்னபோது உபதேசியார், "எப்பவும் அப்படித்தானே சாமி, கட்டுனவன் பேரு எங்க இருக்கு?" என்றார். அன்று பகல் முழுவதும் அவ்வார்த்தை நம்மோடு வந்தது.

பழவேற்காட்டின் வரலாறு நீண்டது. விசயநகர வேந்தர் காலத்தில் இது பெருந்துறைமுகம். அரபு நாட்டிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே உள்ளனர். அவர்களுடைய இல்லத்துப் பெண்கள் பனையோலையில் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் புகழ் பெற்றவை. செம்பாறைக் கல்லில் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் விரலளவுச் சிற்பங்களாய்ச் செதுக்கப்பட்டுள்ளன. போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தனர். மகிமை மாதா திருத்தலம் 1515-இல் தோன்றியது என்பது வழிவழி மரபு. ஒல்லாந்தர் 1610-இல் இங்கே வணிக நிலையம் அமைத்தனர். 1612-இல் மயிலாப்பூர்ப் போர்த்துகீசியர் படையெடுத்து வந்து அதை அழித்தனர். மறு ஆண்டே கோட்டை எழுந்தது. அதுமுதல் 1690 வரை சோழமண்டலக் கரையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் இதுவே. பின்னர் அது நாகப்பட்டினத்திற்கு மாறியது. இறுதியாக 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று.

இன்று கெல்டிரியாவைத் தேடிச் செல்வோர்க்குக் கிடைப்பது முட்செடி மண்டிய ஒரு மேடும், அகழி இருந்த பள்ளமுமே. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கெல்டர்லாந்தின் புல்வெளியிலும் ஆடுகள் இவ்வாறே மேயக்கூடும். கோட்டை போய்விட்டது, அதன் நினைவு அருகிலுள்ள மீனவர் குடியிருப்பின் பெயரில் மட்டும் ஒட்டியிருக்கிறது. கோட்டைக்குப்பம் என்பது அவ்வூரின் பெயர்.

ஆனால் கல்லறைத் தோட்டம் நிற்கிறது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில், சுற்றுச்சுவருக்குள், 17-ஆம் நூற்றாண்டு முதலான 70-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. உள்ளே வருவோரை நோக்கி, நீயும் ஒருநாள் இப்படித்தான் என்று சொல்வதுபோல் நிற்கும் காவலர்கள். பெரிய கருங்கற் பலகைகளில் குலச் சின்னங்களும் பூவேலைப்பாடுகளும். எழுத்துகளோ வெட்டிய நாளில் இருந்ததுபோல் கூர்மையாய் உள்ளன. வணிகர், அதிகாரிகள், அவர்தம் மனைவியர், பிறந்து சில ஆண்டுகளுக்குள் இறந்த குழந்தைகள். பிறந்த நாளும் இறந்த நாளும் பிழையின்றிப் பொறிக்கப்பட்டுள்ளன. மேற்படிப்பில் கற்ற அரைகுறை இலத்தீனையும் செருமன் மொழியையும் துணைகொண்டு சில வரிகளைக் கூட்டிப் படித்தோம். பல்லாயிரம் மைல் கடந்து வந்து காய்ச்சலில் மாண்ட இளைஞர்களையும், பேறுகாலத்தில் மாண்ட பெண்களையும் நினைக்க நெஞ்சம் இளகாமல் இல்லை.

உபதேசியார் மெழுகுவர்த்திக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார். "இவங்க நம்ம வேதக்காரங்க இல்லையே சாமி. இவங்களுக்கு நாம ஜெபம் பண்ணலாமா?"

நல்ல கேள்வி. இக்கல்லறைகளில் துயில்வோர் பெரும்பாலும் கால்வின் வழிவந்த சீர்திருத்தச் சபையினர். இறந்தோருக்காக வேண்டுவது பயனற்றது என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. உயிரோடு இருந்திருந்தால், கத்தோலிக்கக் குரு ஒருவர் தம் கல்லறையருகே நின்று வேண்டுவதை அவர்கள் விரும்பியிருக்க மாட்டார்கள். ஆயினும் நாம் வேண்டுவது அவர்கள் நம்பியதைப் பொறுத்தா, நாம் நம்புவதைப் பொறுத்தா? இறைவனின் இரக்கத்திற்கு வெளியே எவரையும் நிறுத்தும் அதிகாரம் நமக்கு இல்லை. "ஏத்துங்க" என்றோம். ஒரு குழந்தையின் கல்லறையருகே, காற்றுப் படாத மூலையில் அவர் ஒன்றை ஏற்றினார். இருவரும் முழந்தாளிட்டோம்.

எழுந்த பின்னும் நம் மனம் அமைதியடையவில்லை. இக்கற்களில் பெயர் பெற்றவர்கள் எதை விற்று, எதை வாங்கி வாழ்ந்தார்கள்? துணி என்று பாடநூல்கள் சொல்லும். உண்மைதான். சோழமண்டலத் தறிகளில் நெய்த துணியைக் கீழைத் தீவுகளில் கொடுத்து, கிராம்பும் சாதிக்காயும் வாங்கினர். கோட்டையில் வெடிமருந்தும் செய்தனர். ஆனால் இத்துறையிலிருந்து மனிதரும் ஏற்றுமதியாயினர். 1619-இல் ஒல்லாந்தர் படேவியா நகரை, அதாவது இன்றைய ஜகார்த்தாவை, நிறுவினர். அதைக் கட்டுவதற்கும், பண்டா தீவுகளின் சாதிக்காய்த் தோட்டங்களில் உழைப்பதற்கும் அடிமைகள் தேவைப்பட்டனர். 17-ஆம் நூற்றாண்டில் இக்கரையில் பஞ்சமும் போரும் மாறி மாறி வந்தன. பஞ்சம் வந்த ஆண்டுகளில் அடிமையின் விலை விழும். கப்பலில் ஏற்றப்படுவோர் தொகை உயரும். பட்டினியால் பெற்ற பிள்ளைகளையே விற்றவர் உண்டு; தம்மையே விற்றுக்கொண்டவர் உண்டு. அப்படிப் போனவர்கள் நம் தமிழும் தெலுங்கும் பேசிய மக்கள். வாங்கியவன் கணக்கேட்டில் அவர்கள் எண்களாக இருந்திருப்பர். கல்லில் ஒருவர் பெயரும் இல்லை. அவர்கள் நடந்து சென்று படகேறிய கரை, நாங்கள் நின்ற இடத்திற்கு மிக அருகில்தான் இருந்திருக்க வேண்டும்.

2022 டிசம்பர் 19 அன்று ஒல்லாந்தின் தலைமை அமைச்சர், தம் நாட்டின் அடிமை வணிகத்திற்காக அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். கிழக்கு நாடுகளில் மட்டும் 6,60,000 முதல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வரை விற்கப்பட்டிருக்கலாம், சரியான எண்ணிக்கை தெரியவில்லை என்று அவர் அவ்வுரையில் குறிப்பிட்டார். 2023 ஜூலை முதல் நாள் அந்நாட்டு மன்னரும் மன்னிப்பு வேண்டினார். இச்செய்தி நம் நாளிதழ்களில் வெளிவந்தபோது, அதற்கும் பழவேற்காட்டுக்கும் உறவு உண்டு என்று எத்தனை பேர் எண்ணினரோ!

பிற சபையினரைச் சுட்டிக்காட்டி நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. ஒல்லாந்தருக்கு முன்பும் பின்பும் போர்த்துகீசியக் கப்பல்கள் அதே சரக்கை ஏற்றின. அவற்றின் பாய்மரத்தில் சிலுவை வரையப்பட்டிருந்தது. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537-இலேயே பூர்வகுடிகளை அடிமைப்படுத்துவதைக் கண்டித்தார் என்பது உண்மை. அக்கண்டனத்திற்குக் கத்தோலிக்க வணிகர் பலர் செவிசாய்க்கவில்லை என்பதும் உண்மை. 1992 பிப்ரவரி 22 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், செனகல் நாட்டின் கோரே தீவில், அடிமைகளை அடைத்து வைத்திருந்த இல்லத்தின் வாயிலில் நின்று, கிறிஸ்தவர்கள் செய்த இப்பாவத்திற்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். கடலைப் பார்த்துத் திறக்கும் அந்த வாயிலின் படத்தைக் கண்டவர்க்கு, இந்த ஏரிக்கரையும் அப்படிப்பட்ட ஒரு வாயில்தான் என்பது விளங்கும்.

மகிமை மாதா திருத்தலத்தில் சற்று நேரம் அமர்ந்திருந்தபின் குப்பத்துப் பக்கம் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். நடுவூர் மாதாகுப்பம், கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர் மீனவர்க்கும் ஏரியில் பாடு என்றொரு முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை விரிப்பது இன்னார் என்று சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. இன்று எனக்கு, நாளை உனக்கு. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர் சீட்டுப் போட்டதை இம்மக்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. இம்முறைக்குள் இடம் பெறாதவர்களும் ஏரிக்கரையில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்; அவர்களை மாலையில் சந்தித்தோம்.

படகு நிழலில் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எழுந்து கும்பிட்டார். எங்கே போய் வருகிறோம் என்று கேட்டார். ஒல்லாந்தர் கல்லறைக்கு என்றோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முன்னூறு வருசத்துக்கு முன்னால செத்தவனுக்கு வேலி போட்டுக் காவல் வச்சிருக்காங்க சாமி. எம்புள்ள கடலுக்குப் போனவன் திரும்பவே இல்ல. ஒடம்பு கெடைக்கல. கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறையில பூப் போடுறாங்க. நான் எங்க போடறது? அவங்கம்மா முகத்துவாரத்துல தண்ணியில போட்டுட்டு வந்தா."

அதற்கு என்ன மறுமொழி சொல்வது? உயிர்ப்பைப் பற்றி நாம் கற்றதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அதை விரித்துரைப்பது தகாது என்று தோன்றியது. மகனின் பெயரைக் கேட்டோம். அவர் ஞானஸ்நானப் பெயரையும் வீட்டில் அழைக்கும் பெயரையும் சேர்த்துச் சொன்னார். இரண்டையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, இம்மாதம் முழுவதும் திருப்பலியில் வாசிப்பதாகச் சொன்னோம். "எழுதிட்டீங்களா சாமி?" என்று மீண்டும் கேட்டு, குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது என்று பின்னர் உபதேசியார் சொன்னார். ஆனாலும் எழுதிய இடத்தில் விரலை வைத்துச் சிறிது நேரம் நின்றார். உபதேசியார் கட்டிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

பிற்பகலில் திரும்பினோம். ஓரிடத்தில், இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் நால்வர் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தனர். வலை இல்லை, படகு இல்லை. இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடித்து, பல்லால் கவ்வியிருந்த பனையோலைப் பறியில் போட்டனர். வாய்க்குப் பறியே பூட்டு, பேசவும் முடியாது. கரையேறிய ஒருத்தியிடம், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டோம். பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எம்பேரக் கேட்டு என்னா சாமி பண்ணப் போறீங்க?" என்று சிரித்தாள், பிறகு சொன்னாள்.

அவளுடைய இனத்து மக்களில் பலர், முன்பணம் என்ற பெயரில் வாங்கிய சில ஆயிரம் ரூபாய்க்காக, நம் திருவள்ளூர் மாவட்டத்து அரிசி ஆலைகளிலும் செங்கற் சூளைகளிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்ததை நாளிதழ்கள் பலமுறை எழுதியுள்ளன. 1976-இலேயே கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பின்னும், இந்த நூற்றாண்டிலும், அதிகாரிகள் சென்று அவர்களை மீட்டு வரவேண்டியிருந்தது. பஞ்ச காலத்தில் பிள்ளையை விற்ற தாயின் கதை முன்னூறு ஆண்டுக்கு முந்தியது என்று எண்ணி ஆறுதல் கொள்ள நமக்கு உரிமையில்லை. விலையை முன்பணம் என்றும், கப்பலை ஆலை என்றும் இப்போது சொல்கிறோம், அவ்வளவே.

எளாவூரை நெருங்க இருட்டிவிட்டது. முன்னே சென்ற உபதேசியாரின் மிதிவண்டி விளக்கு சாலையின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கிச் சென்றது. கால்கள் வலித்தன, மனமோ தெளிந்திருந்தது.

பெயர் பொறித்த கல்லின் மீது நமக்குப் பகை இல்லை. அன்பு செய்தவர் தம் இறந்தோரின் பெயரைக் கல்லில் எழுதுவது மனித இயல்பு. நம் கல்லறைத் தோட்டங்களிலும் அதையே செய்கிறோம். ஆனால் கல்லில் இடம் பெறுவதற்கு வசதி வேண்டும். ஏட்டில் இடம் பெறுவதற்கும் எவரேனும் கேட்டு எழுத வேண்டும். திருச்சபையின் நினைவு அப்படிப்பட்டதன்று. ஒவ்வொரு திருப்பலியிலும், நற்கருணை மன்றாட்டில், உயிர்ப்பின் நம்பிக்கையோடு துயில்வோரையும் இறைவனின் இரக்கத்தில் இறந்த அனைவரையும் குரு நினைவுகூர்கிறார். அந்த அனைவர் என்னும் ஒரு சொல்லுக்குள் படேவியாவுக்குப் போனவர்களும், கால்வாய் வெட்டியவர்களும், முகத்துவாரத்திற்கு அப்பால் மறைந்த இளைஞனும் அடங்குகின்றனர். தாய் மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயாவின் வாயிலாகச் சொன்ன இறைவன், பெயரை எழுதி வைத்திருப்பது கல்லில் அன்று, தம் உள்ளங்கையில்.

எனவே இறைமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நவம்பரில் நம் குடும்பத்து இறந்தோரின் பெயர்ப் பட்டியலை எழுதிக் கோவிலில் கொடுக்கிறோமே, அதன் கடைசியில் ஒரு வரியை வெற்றிடமாக விட்டுவையுங்கள். கல்லறை இல்லாத ஒருவருக்கு, பெயர் தெரியாத ஒருவருக்கு அந்த வரி. அதோடு நில்லாமல், உங்கள் ஊரிலிருந்து பத்துக் கல் தொலைவுக்குள் இருக்கும் ஒரு பழைய இடத்திற்கு, இயன்றால் மிதிவண்டியில், ஒருநாள் போய் வாருங்கள். வழியில் எதிர்ப்படும் ஒருவரிடம் நின்று பெயரைக் கேளுங்கள். பெயரைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் உங்களையும் கேட்கக்கூடும். அதற்கு ஒரு நல்ல மறுமொழியை நம் வாழ்வால் தேடிக்கொள்வதே இம்மாதத்தின் தவமாக இருக்கட்டும்.